சுமை இல்லாத நேரம்

“பேட்டரி நிக்கமாட்டேங்குது, டீச்சர்.”

சங்கரலிங்கம் தகரப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

ரஹ்மத்நிஷா டீச்சர் ஏதோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எவ்வளவு நாளு நிக்கணும்?”

“ஐப்பசியில மலையில கொண்டு வச்சா, மார்கழி முடியுற வரைக்கும். மழை பிடிச்சிட்டா நடுவுல யாரும் மேல ஏற முடியாது.”

“போன வருஷம்?”

“கார்த்திகையத் தாண்டல.”

அடுத்ததை யாரும் கேட்காமலே சொன்னார்.

“அதனால ஒரு பிள்ளை ஆத்தோட போயிருக்கும்.”

டீச்சர் கையிலிருந்த சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தார். நாற்காலியைக் காட்டினார்.



சங்கரலிங்கம் துணை மின்நிலையங்களில் காலம் கழித்தவர். லட்சக்கணக்கான வோல்ட் தலைக்கு மேலே ஓட, அதன் அடியில் நின்று சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தவர். ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊரான ஈச்சங்காட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஈச்சங்காட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே மஞ்சனாறு ஓடுகிறது. கடப்பதற்கு ஒரே ஒரு தரைப்பாலம். அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மலையில் மழை கொட்டினால், கீழே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

அதற்காகத்தான் அவர் அந்தப் பெட்டியைச் செய்தார். மலைக்குள், ஆற்றோரத்துப் பாறையில் அதைப் பொருத்தினார். தண்ணீர் ஏறினால் பெட்டி ரேடியோவில் சேதி அனுப்பும். பாலத்து முகப்பில் வைத்த மின்சாரச் சங்கு ஊதும். ஜனங்கள் கரையிலேயே நின்றுகொள்ளலாம்.

போன கார்த்திகையில் சங்கு ஊதவில்லை. சுடலைவடிவு என்ற பெண் ஸ்கூட்டரில் பாலத்தின் நடுவே வந்துகொண்டிருந்தாள். ஸ்கூட்டர் போய்விட்டது. அவள் ஒரு மருதமர வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கயிறு போட்டு இழுத்தார்கள்.

அவள் சங்கரலிங்கத்தைத் திட்டவில்லை. காயம் ஆறியதும் வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“சார், வர்ற வருஷம் ஊதுமா?”

அதன்பிறகுதான் டீச்சரைத் தேடிக் கிளம்பினார். பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். தென்னந்தோப்புகளில் மண் ஈரம் அளக்கிற கருவிகளைச் சொந்தமாக வடிவமைப்பவர். அவருடைய கருவிகள் சின்ன பேட்டரியில் வருஷக்கணக்கில் ஓடுகின்றன என்று பேச்சு. சங்கரலிங்கத்தின் மகளைவிட வயதில் இளையவர். ஊரே அவரை டீச்சர் என்றதால் இவரும் டீச்சர் என்றார்.



“பெட்டி இப்ப என்ன செய்யுது, சார்?”

“தூங்குது. நிமிஷத்துக்கு ஒருக்க கண்ணு முழிச்சி தண்ணி மட்டத்தைப் பாக்கும். பாத்துட்டுத் தூங்கிடும். தூங்குறப்ப அதுக்குக் கரண்டே வேண்டாம். கணக்குப் போட்டுட்டேன் டீச்சர். இந்த ஸ்கூட்டர் பேட்டரி வருஷம் முழுக்க வரணும்.”

“பெரிய பேட்டரி வைக்கலாம்லா?”

“கயித்தைப் பிடிச்சிப் பாறை ஏறணும். தோள்பையில அடங்குறதுதான் மேல போகும்.”

டீச்சர் தலையசைத்தார். பேட்டரிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே மீட்டரைப் போட்டார். மீட்டரில் ஓர் எண் வந்து நின்றது.

பிறகு சிறிய இடுக்கியை எடுத்தார். பெட்டியின் மூளையான சிப்பை அதன் குழியிலிருந்து நெம்பி எடுத்தார். மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

மீட்டரில் அதே எண்.

சங்கரலிங்கம் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். எண் அசையவில்லை.

“சாப்பிடுற ஆளைத்தான் எடுத்து வெளிய வச்சாச்சே,” என்றார் டீச்சர். “இப்ப சாப்பிடுறது யாரு?”

சங்கரலிங்கம் குனிந்து பார்த்தார்.

பேட்டரிக்கும் காலிக் குழிக்கும் நடுவே ஒன்றுதான் மிச்சம். மூன்று கால் ரெகுலேட்டர். தண்ணீர் அளக்கும் கருவி பன்னிரண்டு வோல்ட் கேட்கும். சிப்புக்கு மூன்று வோல்ட்டும் கொசுறும் போதும். ஆகவே பன்னிரண்டை இறக்கித் தர அந்த ரெகுலேட்டரை வைத்திருந்தார். இறக்கும்போது மிச்ச வோல்ட்டை அது சூடாக்கி விட்டெறியும். அது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். கொஞ்சமாகத்தானே எறியும் என்று விட்டிருந்தார்.

வாங்கிக்கொள்ள ஆளே இல்லாதபோதும் அது விழித்துக்கொண்டு நின்றது அவருக்குத் தெரியாது.

“இறக்கிவிடுறதுக்குக் கூலி,” என்றார் மெதுவாக.

“யாரும் இறங்காதப்பவும்,” என்றார் டீச்சர்.



ஆடி முடிவதற்குள் சங்கரலிங்கம் திரும்பி வந்தார். முகத்தில் தெளிச்சி இருந்தது.

“மூணு கால் சனியனைத் தூக்கிப் போட்டுட்டேன் டீச்சர். இதைப் பாருங்க.”

உள்ளங்கையில் ஒரு சிறு பலகை. அதில் செம்புக்கம்பி சுற்றிய ஒரு காயில், பக்கத்தில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கக் குண்டாக ஒரு கெப்பாசிட்டர்.

“இது வோல்ட்டை எரிக்காது. வெட்டி வெட்டிக் காயிலுக்குள்ள அனுப்பும். காயில் அதை வாங்கி வச்சி நிதானமா வெளிய விடும். சேதாரமே இல்ல. தொண்ணூறு சதவீதம் நம்ம கைக்கு வந்துருது.”

டீச்சர் பலகையைத் திருப்பிப் பார்த்தார்.

“எப்போ தொண்ணூறு?”

“எப்போன்னா?”

டீச்சர் பலகையைத் திருப்பித் தந்தார். உள்ளே போய் ஒரு தம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார்.

சங்கரலிங்கம் டீயைக் குடித்தார். பஸ்ஸில் திரும்பும்போது மனசுக்குள் கொஞ்சம் உறைத்தது. விற்றவன் அட்டையில் அச்சடித்தே கொடுத்திருக்கிறான். அதில் எப்போ என்று என்ன கேள்வி?

ஆவணிக் கடைசியில் பெட்டியை மலையில் கொண்டு வைத்தார். இந்தத் தடவை புதிதாக ஒன்று சேர்த்திருந்தார். தினமும் காலையில் பெட்டி ஒரே ஒருமுறை ‘இருக்கேன்’ என்று சேதி அனுப்பும். பாலத்தடியில் ஒரு பச்சை விளக்கு மினுங்கி அணையும்.

சுடலைவடிவு வேலைக்குப் போகும் வழியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பாலத்தில் காலை வைப்பாள்.

புரட்டாசி பிறந்த சில நாளில் விளக்கு மினுங்கவில்லை.

சங்கரலிங்கம் கயிற்றைப் பிடித்துப் பாறை ஏறினார். பெட்டியைத் திறந்தார். பேட்டரி செத்துக் கிடந்தது. மூன்று கால் ரெகுலேட்டரில் ஓடியதில் பாதி நாள்கூட இது ஓடவில்லை.

அந்தப் பாறையிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கீழே ஆறு ஒரு நூல்போல ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.



“தொண்ணூறுன்னு சொன்னது பொய்,” என்றார் சங்கரலிங்கம் டீச்சரிடம். உட்காரவில்லை.

“பொய் இல்ல சார்.”

“பின்ன?”

டீச்சர் எழுந்துபோய் ஜன்னல் கதவுகளைச் சாத்தினார். வாசல் கதவையும் ஒருக்களித்தார். மத்தியான வெளிச்சம் போய் அறை இருண்டது.

சங்கரலிங்கம் கொண்டுவந்த பலகையை டீச்சர் ஒரு புதுப் பேட்டரியில் மாட்டினார்.

இருட்டில் பலகையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது.

“இது யாருக்கு சார்?”

“வேலை செய்யுதுன்னு காட்டுற விளக்கு.”

“யாருக்குக் காட்ட?”

சங்கரலிங்கம் மலையை நினைத்துப் பார்த்தார். பூட்டிய தகரப் பெட்டி. அதைச் சுற்றிப் பாறை, காடு, சிங்கவால் குரங்குகள். பெட்டிக்குள் யாருக்கோ ஏற்றிவைத்த விளக்கு இரவும் பகலும் எரிந்திருக்கிறது.

அவருக்குச் சிரிப்பு வந்தது.

விளக்கைச் சுரண்டி எடுத்தார். மீட்டரில் எண் இறங்கியது. ஆனால் நினைத்த அளவு இறங்கவில்லை.

“இன்னும் யாரோ சாப்பிடுதாங்க,” என்றார்.

டீச்சர் ஜன்னலைத் திறந்தார்.

“உங்க ஸ்டேஷன்ல பெரிய டிரான்ஸ்பார்மர் இருக்கும்லா சார்.”

“இருந்துது.”

“ஊர்ல ஒரு வீட்டுலயும் விளக்கு எரியல, ஒரு மோட்டாரும் ஓடலன்னு வச்சிக்கிடுங்க. டிரான்ஸ்பார்மர் என்ன செய்யும்?”

“முனங்கிக்கிட்டே நிக்கும்.” யோசிக்காமல் வந்தது பதில். “சுமை இல்லன்னாலும் அதுக்குன்னு ஒரு இழப்பு உண்டு. இரும்பு சூடாகிக்கிட்டுத்தான் இருக்கும். ஊர் முழுசா எடுக்கிறப்ப அது கணக்குலயே வராது. யாரும் எடுக்கலன்னா…”

நிறுத்தினார்.

மேசைமேல் கிடந்த பலகையைப் பார்த்தார். கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. கேட்பதற்கு யாருமே இல்லாமல், விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வோல்ட்டை வெட்டி வெட்டிக் காயிலுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

காதில் விழாவிட்டாலும் அது முனகுவது அவருக்குக் கேட்டது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“நிறைய எடுத்தாத்தான் தொண்ணூறு,” என்றார்.

பலகையை ஒரு விரலால் தள்ளினார்.

“நம்ம பெட்டி எடுக்கிறதே துளி. துளி கொடுக்கதுக்கு இது குடம் குடமா குடிச்சிருக்கு.”

“ஸ்டேஷன்ல சுமை குறைஞ்சா என்ன செய்வீங்க சார்?”

“ரெண்டு டிரான்ஸ்பார்மர் ஓடுச்சின்னா ஒண்ணை நிறுத்திடுவோம்.”

“ஒண்ணுதான் இருக்குன்னா?”

“அதை நிறுத்த முடியாதே. யாராவது சுவிட்சைப் போட்டா கரண்ட் இருக்கணும்.”

டீச்சர் இழுப்பறையைத் திறந்தார். ஒரு சிறு டப்பாவை எடுத்து வெள்ளைத் தாள்மேல் கவிழ்த்தார். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சில கறுப்புத் துணுக்குகள் விழுந்தன.

“இதுவும் வோல்ட்டை வெட்டும். ஆனா தானா நிக்கும்,” என்றார்.

“நின்னா சிப்புக்கு யாரு கொடுப்பா?”

டீச்சர் தம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். சங்கரலிங்கத்தைப் பார்த்தார்.

அவர் தம்ளரைப் பார்த்தார். வீட்டில் மோட்டார் ஓடுகிற நேரத்திலா எல்லாரும் தண்ணீர் குடிக்கிறார்கள்?

“கெப்பாசிட்டர்,” என்றார். “தொட்டி ரொம்பினதும் இது தூங்கிடும். மட்டம் குறைஞ்சா முழிச்சி ஒரு வாய் இறைச்சிட்டு மறுபடி தூங்கிடும்.”

“காயிலும் வேணும். கெப்பாசிட்டரும் வேணும். நடுவுல இறைக்கிறவன் தூங்கத் தெரிஞ்சவனா இருக்கணும்,” என்றார் டீச்சர். அன்று அவர் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான்.



துணுக்கைப் பலகையில் பற்றவைக்க வேண்டும்.

“நீங்களே வச்சிக் குடுத்திருங்களேன் டீச்சர். எனக்குக் கை நடுங்குது.”

“மலைக்கு நானா போகப்போறேன்?”

பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினார்.

முதல் துணுக்கு கருகியது. அடுத்தது இடுக்கியிலிருந்து தெறித்து எங்கேயோ போனது. இரண்டு பேரும் தரையில் குனிந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. சங்கரலிங்கத்துக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. கையளவு தடிமனுள்ள கேபிளைத் தோளில் போட்டு இழுத்த ஆள், மூச்சைப் பிடித்துக்கொண்டு எள்ளுக்குமேல் கவிழ்ந்திருந்தார்.

“மூச்சு விடுங்க சார்,” என்றார் டீச்சர். “விட்டுட்டு வைங்க.”

மூச்சை விட்டார். கை நின்றது. துணுக்கு போய் உட்கார்ந்துகொண்டது.

சிப்பைக் குழியில் அழுத்தினார். தான் கொண்டுவந்த மீட்டரைப் போட்டார்.

பூஜ்யம்.

“ஓடல,” என்றார்.

டீச்சர் அந்த மீட்டரை எடுத்து ஓரமாக வைத்தார். தன் அலமாரியிலிருந்து, துளியையும் அளக்கும் வேறொன்றை எடுத்து மாட்டினார்.

அதில் ஒரு குட்டி எண் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு துள்ளு துள்ளிவிட்டு, மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. பெட்டி கண் விழித்துத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டது.

சங்கரலிங்கம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்பியரை நூற்றுக்கணக்கில் அளந்து பழகியவர். இப்படி ஒன்று இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“மார்கழி வரைக்கும் நிக்குமா?”

“அதை மார்கழிதான் சொல்லணும்.”



ஐப்பசியில் பெட்டி மேலே போனது. அடுத்த வாரமே மழை பிடித்தது. பாறைக் கயிறு தண்ணீருக்குள் போனது. வழி அடைத்துக்கொண்டது.

தினமும் காலையில் பச்சை விளக்கு மினுங்கியது. சங்கரலிங்கம் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவருக்கு முன்பே சுடலைவடிவு அங்கே நிற்பாள்.

“இருக்கு சார்,” என்பாள்.

“இருக்கு,” என்பார்.

ஐப்பசி போனது. கார்த்திகையும் பாதி போனது. போன வருஷம் பெட்டி செத்த நாளும் தாண்டிப் போனது.

பிறகு ஒரு காலையில் விளக்கு மினுங்கவில்லை.

மறுநாளும் மினுங்கவில்லை.

சங்கரலிங்கம் அதை ஒளிக்கவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

“பெட்டி இருக்கா போயிட்டான்னு தெரியல. சங்கை நம்பாதீங்க. நான் பாலத்தடியிலயே இருக்கேன். மேல இருட்டுச்சின்னா யாரும் இறங்காதீங்க.”

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. டீச்சருக்குப் போன் செய்து சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டார். “சரி சார்,” என்றார்.

மூன்றாம் நாள் மழை வெறித்து நல்ல வெயில் வந்தது. மலை மட்டும் மேகத்துக்குள் கிடந்தது. பாலத்துமேல் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. எல்லாருக்கும் வேலை கிடந்தது. ஏசுராஜ் வாழைத்தார் ஏற்றிய மினிலாரியைப் பாலத்துக்குத் திருப்பினான். பின்னால் நாலைந்து வண்டிகள்.

அப்போது சங்கு ஊதியது.

லாரி நின்றது. எல்லாரும் சங்கரலிங்கத்தைப் பார்த்தார்கள்.

அவர் ஆற்றைப் பார்த்தார். கூழாங்கல் தெரியும் தண்ணீர். அசைவே இல்லை.

“என்ன சார் இது,” என்றான் ஏசுராஜ். “விளக்கு எரியலன்னீங்க. பெட்டி போச்சின்னீங்க. இப்ப ஊதுது.”

சங்கு நிற்காமல் ஊதிக்கொண்டிருந்தது.

சங்கரலிங்கம் அவசரமாக யோசித்தார். காலைச் சேதி ஒரே ஒரு தடவைதான் போகும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று அப்படி வைத்திருந்தார். ஈர இலைகளுக்குள் அது தொலைந்துபோகலாம். வெள்ளச் சேதி அப்படி இல்லை, தண்ணீர் இறங்கும்வரை திரும்பத் திரும்பப் போகும். அப்படியானால் பெட்டி உயிரோடுதான் இருக்கிறது.

அல்லது ஈரம் இறங்கிச் சர்க்யூட் உளறுகிறது.

இரண்டில் எது என்று நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

“சார், வாழைத்தாரு வெயில்ல காயுது.”

சங்கரலிங்கம் தன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டுவந்து பாலத்தின் முகப்பில் குறுக்கே நிறுத்தினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

“இது எத்தனை நாழிக்கு?” என்றான் ஏசுராஜ்.

“தெரியாது.”

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சுடலைவடிவு தன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

“நான் போகல,” என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

வெயில் ஏறியது. ஆறு அப்படியே கிடந்தது. எதிர்க்கரையில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார். சங்கரலிங்கம் கையைக் காட்டினார். அவர் தயங்கினார். பின்வாங்கிக் கரையேறினார்.

முதலில் பறவைகள் எழும்பின. பிறகு காற்றில் பச்சை மண் வாசம் வந்தது.

பிறகு தண்ணீர் வந்தது. வளைவைத் திரும்பும்போதே ஆள் உயரம். வேரோடு பிடுங்கிய ஒரு மரத்தை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கொண்டுவந்தது. பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை. செம்மண் நிறத்தில் ஓர் இரைச்சல் மட்டும் இருந்தது. சங்கின் சத்தம் அதற்குள் அமுங்கிப்போனது.

ஏசுராஜ் லாரியிலிருந்து இறங்கினான். தண்ணீரைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான். வந்து சங்கரலிங்கத்தின் மோட்டார் சைக்கிளைத் தண்ணீர் ஓரத்திலிருந்து பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய் மேட்டில் நிறுத்தினான்.

சுடலைவடிவு மடியில் முகத்தைப் புதைத்துக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சங்கரலிங்கம் குனிந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கொஞ்சம் தள்ளிப்போய்ப் போனை எடுத்தார். டீச்சருக்கு இது வகுப்பு நேரம். எடுக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டே அழைத்தார்.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை.

“சொல்லுங்க சார்.”

“சங்கு ஊதிட்டு டீச்சர். தண்ணி வந்துட்டு.”

“பாலத்துல?”

“யாரும் இல்ல.”

“அந்தக் கரையில?”

“பாத்துட்டேன். எல்லாரும் மேலதான் நிக்காங்க.”

மறுமுனையில் பிள்ளைகளின் பேச்சுச் சத்தம் கேட்டது. பெஞ்சு நகரும் ஓசை கேட்டது. டீச்சரின் குரலைக் காணோம்.

“டீச்சர்?”

“இருங்க சார்,” என்றார் டீச்சர். “கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன்.”